ராக்காயி பிழைக்க வைத்த கடைக்குட்டி

நோர்வூட் டவுனில் இரண்டு கடை, ஒரு லொறி. எல்லாம் என் கையால் வந்தது. படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. தேயிலை ஸ்டோரில் இலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு தள்ளியவன்தான் நான் என்று சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. எவனுக்கும் தோற்காத என்னைத் தோற்கடித்த ஆள் ஒருத்தி உண்டு. என் மனைவி ராக்காயி. அதை நானே சொன்னால்தான் ஊர் நம்பும்.

ஐம்பத்தேழாம் வருஷம் தோட்டத்து நாய்களுக்கு ஒரு தொத்துக் காய்ச்சல் வந்தது. கண்ணில் பீளை, மூக்கில் சளி, கடைசியில் வலிப்பு. நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசையில் ஒரு தாய் நாயும் மூன்று குட்டிகளும் ஒரே வாரத்தில் போய்விட்டன. மிஞ்சியது கடைக்குட்டி, என் ஒரு கைக்குள் அடங்கும். அதற்கும் காய்ச்சல். ராக்காயி அதைக் கம்பளியில் சுருட்டி வீட்டுக்குள் கொண்டுவந்தாள். லயத்துக்குப் பின்னால் அவள் போட்ட உருளைக்கிழங்கை முந்தின வருஷம் காட்டுப்பன்றி ஒரு கிழங்கு விடாமல் தின்றிருந்தது. இந்த வருஷம் காவலுக்கு நாய் வேண்டும் என்று ஒரே பிடி.

புதன்கிழமை, தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு கணேசமூர்த்தி ஐயா வாசலில் வந்து நின்றார். துரை பங்களா நாய்க்குத் தொத்திவிடும் என்று அவருக்குப் பயம்.

“சனிக்கிழமை துவக்கோட வருவேன், ராக்காயி. எழும்பி நின்னு தின்னா இருக்கட்டும். இல்லேன்னா வெடிதான்.”

குட்டிக்குக் குளிராமல் பார்ப்பது என் பொறுப்பு. ஸ்டோர் அடுப்பில் செங்கல்லைச் சுட்டு, சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து குட்டிக்குப் பக்கத்தில் வைப்பேன். வேறு எவனுக்கும் அந்த யோசனை வந்திருக்காது. ஆனால் ஆட்டுப்பாலைக் கரண்டியால் வாயில் ஊற்றினேன், புரையேறியது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. இரண்டு நாள் இதே கதை.

பக்கத்து வீட்டுப் பழனியாண்டி எட்டிப் பார்த்தான். “அண்ணே, குழி நான் வெட்டட்டா, நீங்க வெட்டுறீங்களா?”

“முதல்ல உனக்கு வெட்டுறேன்டா” என்று விரட்டினேன். ஆனாலும் எனக்கும் நம்பிக்கை விட்டுப்போயிற்று. “விட்ரு புள்ள. அதுக்குத் தின்ன மனசில்ல.”

ராக்காயி குட்டியின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். சளி காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

“மனசெல்லாம் இருக்குங்க. வாசம்தான் தெரியல. போன மாசம் எனக்குச் சளி பிடிச்சப்ப, நீங்க ஆக்கின கருவாட்டுக் குழம்பு மண்ணா இருந்துச்சே?”

“எல்லாரும் புகழ்ந்த குழம்புடி அது.”

“நீங்க மட்டும்தான் புகழ்ந்தீங்க. தண்ணி சுட வைங்க.”

வெந்நீரில் உப்புப் போட்டு, பழைய சேலைத் துணியால் பொருக்கை ஊறவைத்து ஊறவைத்துத் துடைத்தாள். பிறகு குட்டியை மடியில் வைத்து, ஆவி பறக்கும் பானையோடு கம்பளிக்குள் புகுந்தாள். உள்ளேயிருந்து இரண்டு தும்மல். எது யாருடையது என்று தெரியவில்லை.

“நெத்தலிக் கருவாடு சுடுங்க!”

உப்புப் போக அலசித் தணலில் போட்டேன். லயம் முழுக்க வாசம். கம்பளி விலகியது. குட்டியின் மூக்கு நுனி ஆடியது, நாக்கு வெளியே வந்தது. நெத்தலியைக் கஞ்சியில் மசித்து விரல் நுனியில் காட்டினாள். நக்கியது. வெள்ளிக்கிழமை காலை ஆளெடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன்னும், பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த பின்னும் அதே வேலைதான்.

சனிக்கிழமை கண்டாக்கையா துவக்கோடு வந்தார். ராக்காயி நாலடி தள்ளி உட்கார்ந்து சுட்ட நெத்தலியை நீட்டினாள். குட்டி எழுந்தது, சரிந்தது, மறுபடி எழுந்தது. போய் மொத்தத்தையும் தின்றது. பின்னங்கால் ஒன்று மட்டும் தையல் மிஷின் மிதிப்பதுபோல் வெட்டி வெட்டி இழுத்தது.

“கால் இழுக்குதே?”

“காலுக்கா ஐயா சோறு போடுறோம்? வாய் நல்லா இருக்கு.”

அவர் சிரித்துவிட்டார். துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார்.

கால் கடைசிவரை இழுத்தது. பேரும் மிஷின் என்றே ஆயிற்று. ஒன்பது வருஷம் ஒரு பன்றிகூட எங்கள் கிழங்கைத் தொடவில்லை. ஐம்பத்தெட்டில் கண்டாக்கையா வீட்டு நாய்க்குட்டிக்கே அதே காய்ச்சல். “ராக்காயியைக் கையோட கூட்டிட்டு வா” என்று ஆள் அனுப்பினார்.

“வர்றேன்னு சொல்லு” என்றாள். “நெத்தலி மட்டும் அவரு வீட்டுது.”

அங்கேயும் செங்கல் சுமந்தது நான்தான்.