வேலிக்கு வெளியே பதினொரு பேர்

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு மிளகாய் என்று பெயர். பொய்க்கணக்கைப் பார்த்தால் சுள்ளென்று கோபம் வரும். அதை மறைக்கவும் தெரியாது. அழைத்த வீட்டுக்கு வண்டி எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது என்று மாதாமாதம் அறிக்கை தயாரிப்பது அவள் வேலை. வண்டிகளில் ஒன்றை ஓட்டுவது அவள் தம்பி.

அன்று காலை தம்பி வீங்கிய கன்னத்தோடு வந்து நின்றான். ரயில்வே கேட் மூடிக் கிடந்ததில் வண்டி தாமதம்; நோயாளி பிழைக்கவில்லை. சொந்தக்காரர்கள் கைக்குக் கிடைத்தவனை அடித்துவிட்டார்கள். கேட்டுக்கு அந்தப் பக்கமும் ஒரு வண்டி நிறுத்த வேண்டுமென்று எத்தனை நாளாகக் கேட்பது? அதை முடிவு செய்யும் கூட்டம் அன்று மதியம்தான்.

மிளகாய் பல்லைக் கடித்துக்கொண்டு மாதத்தின் எண்களை வரிசைப்படுத்தினாள். கால்வாசி ஓட்டங்கள் எட்டு நிமிடத்துக்குள், முக்கால்வாசி பதினான்குக்குள். இடைவெளி ஆறு; விதிப்படி அதில் ஒன்றரை மடங்கு ஒன்பது. பதினான்கோடு ஒன்பதைக் கூட்டினால் இருபத்து மூன்று, அதுதான் மேல் வேலி; அதைத் தாண்டும் எண் மற்றவற்றோடு ஒட்டாதது என்பது புள்ளியியல் விதி. எட்டில் ஒன்பதைக் கழித்தால் பூஜ்யத்துக்கும் கீழே. கீழ் வேலிக்கு வெளியே விழ யாருமில்லை. மேல் வேலியைத் தாண்டியவை பதினொன்று. பதினொன்றும் கேட்டுக்கு அந்தப் பக்கத்து வீடுகள்.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "இதெல்லாம் அவுட்லையர்மா, ஒட்டாத எண்ணு, தூக்கிடு. சராசரி அழகா வந்துடும்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டச்சுப் பிழை என்றால் அழிக்கலாம். ஒவ்வொன்றையும் அழைப்புப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டாள், எல்லாம் உண்மை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார் மனிதர்!

"எதை சார் தூக்கணும்? என் தம்பி கன்னத்தையா?"

"ரூல்தானேம்மா..."

"ரூல் பாருன்னுதான் சொல்லுது சார். அழின்னு எங்க சொல்லுது?"

கூட்டத்தில் அந்தப் பதினொன்றை மட்டும் திரையில் போட்டாள். தெருத்தெருவாக வாசித்தாள். யாரும் தேநீரைத் தொடவில்லை. வண்டி கிடைத்தது.

அடுத்த மாதம் இருபத்து மூன்றை ஒரு ஓட்டமும் தாண்டவில்லை. மேலாளர் திரையைத் தட்டிச் சிரித்தார். "பாத்தியா? அவுட்லையர்னா சும்மா வந்து போறதுன்னு அன்னைக்கே தெரியும் எனக்கு."

"அதை கேட்டுக்கு அந்தப் பக்கம் போய்ச் சொல்லுங்க சார்" என்றாள் மிளகாய். "இப்பதான் அங்க வண்டி நிக்குதே. அடி வாங்கினா சீக்கிரமா தூக்கிட்டு வந்துடுவாங்க."