ஐரிஷ் பப்பில் எங்கள் கொடி

என் அப்பா வைத்த ஐரிஷ் ஆட்டிறைச்சி ஸ்டூவைச் சாப்பிட்டுவிட்டு, அப்படியே தங்கள் அம்மாவின் கைப்பக்குவம் என்று கண்கலங்கிய வெள்ளைக்காரக் கிழவர்களை நான் பார்த்திருக்கிறேன். அயர்லாந்து எந்தத் திக்கில் இருக்கிறது என்றுகூட அப்பாவுக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் இருந்தவரை அவர் ஒரு தேத்தண்ணி போட்டு யாரும் பார்த்ததில்லை என்று அம்மா சத்தியம் செய்வார்.

ரொறன்ரோவில் நாங்கள் அப்போது சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடம் ஒன்றில் இருந்தோம். அப்பா வேலை செய்த பப் நடை தூரம். பக்கத்துத் தெருக்களில் முதலில் குடியேறிய ஏழை ஐரிஷ்காரர்கள் முற்றத்தில் பூச்செடிக்குப் பதிலாகக் கோவா, அதுதான் முட்டைக்கோசு, நட்டுச் சாப்பிட்டவர்களாம். அப்பாவின் முதலாளி அவர்கள் வழி வந்தவர். கோவாவையே தங்கள் ஆட்கள்தான் கண்டுபிடித்தது போலப் பேசுவார். ஆனால் தங்கமான மனிதர். அப்பாவுக்கு 'யெஸ்', 'நோ' தவிர இங்கிலிஷ் தெரியாத காலத்தில் கோப்பை கழுவ எடுத்து, பிறகு குக் ஆக்கியவர். எங்கள் அகதி வழக்கு நடந்த அன்று கடையைப் பூட்டிவிட்டு வந்து, வெளியே மர வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தவர். அவர் முகம் கோணும்படி எதுவும் செய்யக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

எனக்கு ஒன்பது வயதான வருடம், ஆங்கிலேயருக்கு எதிராக டப்ளினில் ஐரிஷ்காரர்கள் கிளர்ந்தெழுந்து நூறு வருடம் நிறைந்தது. முதலாளி விழா எடுத்தார். பப் வாசலில் வரிசையாகக் கம்பங்கள் நட்டு, நடுவில் பச்சை, வெள்ளை, செம்மஞ்சள் ஐரிஷ் கொடி. இரு பக்கமும் அங்கே வேலை செய்பவர்களின் நாட்டுக் கொடிகள். உனக்கும் ஒன்று தேடிப் பிடித்திருக்கிறேன், குடும்பத்தோடு வா என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார்.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்த்திருந்ததால் தூரத்திலேயே அடையாளம் கண்டுவிட்டேன். வாள் பிடித்த சிங்கம். இலங்கைக் கொடி. "ஐயோ, எங்கட கொடி!" என்று துள்ளினேன். ஜமேக்காவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் வெறும் கோடுகளும் நட்சத்திரங்களும்தான். எங்களுக்கு ஒரு மிருகமே நின்றது.

அப்பா நடைபாதையில் நின்றுவிட்டார்.

"இஞ்சேருங்கோ, அந்த மனுசன் ஆசையா வாங்கிப் போட்டிருக்கு. ஒரு நாள்தானே, பேசாம வாங்கோ" என்றார் அம்மா.

"அதுக்குக் கீழ போய் நிக்க என்னால ஏலாது."

"வேலை போச்சுதெண்டா?"

ஊரில் எங்கள் வீட்டை இலங்கை ஆமி எடுத்து முகாமாக்கி, கூரைக்கு மேல் வருடக்கணக்காக அந்தக் கொடியைத்தான் பறக்கவிட்டிருந்தது. விசாரிக்க என்று அந்த வாசலால் உள்ளே கொண்டுபோன பெரியப்பா திரும்பி வரவே இல்லை. இதெல்லாம் பின்னாளில் அறிந்தவை. அப்போது வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை.

முதலாளி கையை விரித்துக்கொண்டு வந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டார். அப்பா கேட்ட கேள்வியை, அவர் சமையல் குசினியில் பழகிய இங்கிலிஷிலிருந்து தமிழில் சொல்வதானால் இதுதான்: "பொஸ், இந்த வாசலில நீங்கள் இங்கிலாந்துக் கொடி ஏத்துவியளோ?"

முதலாளியின் முகம் இரத்தமாய்ச் சிவந்தது. அம்மா என் கையை நோகப் பிடித்தார். முதலாளி உள்ளே போய் ஏணியோடு வந்தார். வேறு யாரையும் ஏற விடவில்லை. தானே ஏறி, கொடியை அவிழ்த்து, மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு இறங்கினார். தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துக்கொள் என்றார். அப்படியானால் எந்தக் கொடியைப் போடட்டும் என்று கேட்டார்.

அப்பாவின் மனதில் வேறொரு கொடி இருந்ததோ என்னவோ, அதைச் சொன்னால் அது வேறு வில்லங்கம். "ஒண்டும் வேண்டாம். கம்பம் மட்டும் நிக்கட்டும்" என்றார்.

எனக்கு அழுகை அழுகையாக வந்தது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கும் கொடி இருக்கிறது, எங்களுக்கு மட்டும் இல்லை. கையில் கிடைத்ததையும் கெடுத்துவிட்டாரே இந்த அப்பா என்று ஆத்திரம் பொங்கியது.

ஒருவர் வயலினில் அவர்களுடைய தேசிய கீதத்தைத் தொடங்கினார். வேலைக்காரர்கள் எல்லோரும் தங்கள் தங்கள் கொடியின் கீழே போய் நின்றார்கள். அப்பாவும் போனார். குளிர்த் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து, அந்த மொட்டைக் கம்பத்தின் நுனியைப் பார்த்தபடி நின்றார். குளிர்காற்றில் கண்ணில் நீர் வடிந்தது. பாட்டு முடியும்வரை பார்வையை எடுக்கவில்லை.

"அம்மா, அங்க கொடியே இல்லை. அப்பாவிட்டச் சொல்லுங்கோவன்" என்று அம்மாவின் கோட்டை இழுத்தேன்.

அம்மா என்னை நேராக நிறுத்தினார். பிறகு அவரும் தலையை உயர்த்தி அதே இடத்தைப் பார்த்தார். பாவம், அம்மாவும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.