ஆடிக் கிருத்திகை வரை காத்திருந்த கட்டி

என் கால் பெரிதாவதை முதலில் கவனித்தது என் மாமியார். ஒரகடம் பக்கம் கம்பெனி எதுவும் வராத காலம் அது. வடக்குப்பட்டுக்கு வாழ வந்து பத்து வருஷம் கழித்து எனக்கு மெட்டி இறுகியது. "எங்க வூட்டு சோறு ஒடம்புல ஒட்டுது" என்று ஊரெல்லாம் பெருமை அடித்தாள். ஆசாரி மூன்று தடவை மெட்டியைப் பெரிதாக்கிக் கொடுத்தார். முப்பது வயதுக்காரிக்குக் கால் வளருமா என்று கேட்க அந்த வீட்டில் ஒரு மண்டைக்கும் தோன்றவில்லை. மூக்கு தடித்தது, தாடை நீண்டது, தலைவலி உயிரை வாங்கியது. பக்கத்து ஊர் டாக்டர் சத்து டானிக் எழுதினார். அவருக்கு எல்லாப் பெண்களுக்கும் ஒரே வியாதிதான், ரத்தம் கம்மி.

கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான் மெட்ராஸுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே டாக்டர் விரலைப் பக்கவாட்டில் ஆட்டி, எப்போது தெரிகிறது என்று கேட்டார். கிட்டத்தட்ட மூக்குக்கு நேரே வரும்வரை தெரியவில்லை. தலையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்.

"மூளைக்கு அடியில ஒரு சின்ன சுரப்பி இருக்கு. அதுல கட்டி. அபூர்வமா வர்றது. புத்துநோய் இல்ல, பயப்படாதீங்க. ஆனா கண் நரம்பை அழுத்துது. இந்த வாரமே ஆபரேஷன் பண்ணணும், லேட்டானா பார்வை போயிடும். தலைய மொட்டை அடிக்கணும்."

மாமியார் காதில் கடைசி வார்த்தை மட்டும்தான் விழுந்தது. வெளியே வந்ததும் ஆரம்பித்தாள்.

"புருசன் கல்லாட்டம் கீறான், ஆஸ்பத்திரிக்காரன் உனுக்கு மொட்ட அடிக்கறதா? முடி திருத்தணி முருகனுக்குத்தான். ஆடிக் கிருத்திகை வரட்டும்."

அப்போது ஆனி பாதிகூட ஆகவில்லை.

"கண்ணு போயிடும்னு சொல்றாரே அத்தை!"

"சும்மா கெட. சாமிய விட அந்தாளுக்கு இன்னா தெரியும்?"

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

ஒரு காலையில் வலது கண்ணைப் பொத்திப் பார்த்தேன். எதிரே எரிந்த அடுப்புத் தீகூடத் தெரியவில்லை. அலறினேன். இன்னும் கொஞ்ச நாள்தானே என்றார்கள். தூ! திருத்தணியில் மொட்டை போட்டு, சந்தனம் பூசி, அப்புறம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே அதே தலையை மறுபடியும் சிரைத்தார்கள்.

கட்டியை எடுத்தார்கள். தலைவலி நின்றது, வலது கண் தெளிந்தது. இடது கண் நரம்பு செத்துவிட்டது என்றார் டாக்டர்.

வீட்டுக்கு என்னைப் பார்க்க வந்த பெண்களிடம் மாமியார், "முருகன்தான் கண்ணக் குடுத்தாரு" என்று உருகினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு கண்ண முருகன் குடுத்தாரு, சரி. இன்னொண்ண எடுத்துக்கினது யாரு அத்தை?"

வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்துகொண்டாள்.