குற்றாலத்தில் நனையாத பேண்ட்

நோயாளியாக இருப்பதும் ஒரு வேலைதான்: லீவு கிடையாது, பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் மேனேஜர். பிறந்ததிலிருந்து நான் அந்த வேலையில் இருக்கிறேன். முதுகெலும்பு முடிகிற இடத்தில் ஒரு கொழுப்புக்கட்டி. வெளியே பார்த்தால் மெத்தென்று ஒரு இட்லி. உள்ளே அது தண்டுவடத்தின் நுனியைப் பிடித்து வைத்திருந்தது என்பது பதினாறு வயதில்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் டோக்கனோடு உட்கார்ந்து பழகிய உங்களுக்கு மிச்சத்தை விளக்க வேண்டியதில்லை.

செருப்பும் பெஞ்சும்

இடது கால் செருப்பு கழன்றால் எனக்குத் தெரியாது. தென்காசி பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரை ஒற்றைச் செருப்போடு வந்திருக்கிறேன். உம்மா என்னைத் திட்ட மாட்டாள், செருப்பைத் திட்டுவாள்.

கால் மட்டுமில்லை, மூத்திரமும் சொல்லாமல் வரும். கணக்கு வராமல்தான் பத்தாம் வகுப்போடு நான் நின்றுவிட்டதாக ஊரில் பேச்சு. அது பொய். பெஞ்சு நனைந்ததுதான் காரணம். முதல்முறை நனைந்தபோது பக்கத்தில் இருந்த செல்வம் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து என் மடியில் கவிழ்த்துவிட்டு எழுந்து நின்றான். "சார், நான்தான் கை பட்டு ஊத்திட்டேன்."

எண்ணெய் அண்ணாச்சி

குற்றாலம் எனக்குப் பிடித்ததற்குக் காரணம் சாரலும் இல்லை, மூலிகையும் இல்லை. சீசனில் அங்கே எல்லார் பேண்ட்டும் நனைந்திருக்கும். யாருடையது எதனால் என்று எவனும் பார்க்க மாட்டான். செல்வம் சைக்கிள் மிதிப்பான், நான் பின்னால் உட்கார்ந்திருப்பேன்.

அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்க்கிற அண்ணாச்சிக்கு என் கட்டியைப் பார்த்ததும் கை துறுதுறுத்துவிட்டது. நாலு நாள் நீவினால் கரைந்துவிடும் என்று முழங்கையை வைத்து அழுத்தினார். இடது காலில் கரண்ட் அடித்த மாதிரி ஓடியது. மறுநாள் பாதத்தைத் தூக்கவே முடியவில்லை. அப்புறம்தான் ஸ்கேன். படத்தைக் கொண்டுபோய் அவரிடமே காட்டினேன். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "தம்பி, இத்தன வருசத்துல என் கைக்கு அடங்காத கொழுப்பு உன்னதுதான்."

கறிக்கடை மாமா

மதுரையில் டாக்டர் படம் போட்டு விளக்கினார். கொழுப்புக்குள்ளே நரம்பு ஓடுகிறது, கத்தியால் இழுத்தால் நரம்பும் இழுபடும், அதனால் லேசரை வைத்துக் கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாக்கி எடுப்போம் என்றார். முழுசாக எடுக்க மாட்டாராம். இருக்கிற உணர்ச்சி போகாமல் பார்க்கலாம், போனது திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார். "எடுக்கதுதான் எடுக்கீங்க, எல்லாத்தையும் எடுத்தா என்ன?" என்று கேட்டேன். உம்மா என் தொடையில் கிள்ளினாள். வலது தொடை, அதனால் தெரிந்தது.

வாப்பா சவுதியில் இருந்ததால் கையெழுத்துப் போட மாமா வந்திருந்தார். தென்காசியில் கறிக்கடை வைத்திருப்பவர். எங்கள் மூன்று பேரில் டாக்டர் சொன்னது முழுசாகப் புரிந்தது அவருக்குத்தான். பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: "வாலடிக் கொழுப்புல நரம்பு கெடந்தா நானே மெதுவாத்தான் போவேன் டாக்டர், நீங்களும் அவசரப்படாதீங்க."

குப்புற

ஆபரேஷன் முடிந்து ஐந்து நாள் எழுந்திருக்கக் கூடாது, தண்டுவட நீர் கசிந்துவிடும் என்றார்கள். குப்புறவே கிடந்தேன். அப்போது கட்டிலைக் கடித்துத் தின்கிற கோபம். இப்போது நினைத்தால் அந்த நாட்கள் மறுபடி வேண்டும் போலிருக்கிறது. உம்மா தரையில் உட்கார்ந்து ஸ்ட்ராவில் டீ கொடுப்பாள். என்னைப் பார்க்க வந்த செல்வம், கட்டில் ஓரத்தில் தொங்கிய என் தலைக்குக் கீழே தரையில் மல்லாக்கப் படுத்து, என் முகத்தைப் பார்த்து ஊர்க்கதை எல்லாம் சொன்னான்.

ஆறாம் நாள் மூத்திர டியூபை எடுத்தார்கள். இனிமேல் வரும்போது எனக்குத் தெரியுமா, தெரியாதா? நான் எழுதியதிலேயே பெரிய பரீட்சை அதுதான். உம்மா வாய்க்குள்ளே ஓதிக்கொண்டே இருந்தாள். மத்தியானம் அடிவயிற்றில் ஒரு முட்டல். முன்னால் இப்படி முட்டியதே இல்லை. "உம்மா, மூத்திரம் வருது!" என்று கத்தினேன். வார்டே திரும்பியது. உம்மா அழுதாள். நர்ஸ் அக்கா ஓடி வந்தார். "இதுக்கு ஏன்டா இவ்ளோ சத்தம்? எல்லாருக்குந்தான் வருது."

சீசன்

மூன்று மாதம் கழித்து சீசன் தொடங்கியது. புண் ஆறியிருந்தாலும் முதுகில் அருவி விழக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. ஆனாலும் போனேன். சிப்ஸ் கடைக் கூரைக்குக் கீழே, கூட வந்த பசங்கள் எல்லார் போனையும் துண்டையும் பிடித்துக்கொண்டு நின்றேன். நடுவில் இரண்டு முறை முட்டியது, இரண்டு முறையும் நானாக நடந்து போய்விட்டு வந்தேன்.

சாயங்காலம் செல்வம் சொட்டச் சொட்ட வந்தான். துண்டை வாங்கவில்லை. குனிந்து என் பேண்ட்டைத் தொட்டுப் பார்த்தான். அப்புறம் சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னான்: "ஏலே, குத்தாலத்துக்கு வந்து காஞ்ச பேண்ட்டோட நிக்கவன் நீ ஒருத்தன்தாம்லே!"

நோயாளி வேலையை விட்டுவிட்டாயா என்று கேட்காதீர்கள், அன்று திரும்பி வரும்போதும் இடது கால் செருப்பு எங்கேயோ கழன்று விழுந்துதான் போயிருந்தது.