ஆறு மணி வரைக்கும்

கடலுக்குப் போன அப்பாவும் சித்தப்பாவும் இரண்டாம் நாளும் திரும்பவில்லை. இயந்திரம் நின்றுவிட்டது, காற்று இழுத்துக்கொண்டு போகிறது என்று அப்பா தொலைபேசியில் சொன்னதுதான் கடைசி. அம்மா என்னையும், ஏழு மாதக் கர்ப்பிணியான சித்தியையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீடு இருந்த ஓர்ஸ் ஹில் மேட்டிலிருந்து இறங்கித் துறைமுக வாசலுக்கு வந்தார்.

உள்ளே கடற்படையின் ரோந்துக் கப்பல் புறப்பட ஆயத்தமாக நின்றது. தடைசெய்த வலை போடுகிறவர்களைத் துரத்துவதும் அதுதான், வெள்ளம் வந்தால் வெருகல் பக்கம் அரிசி மூட்டை கொண்டுபோவதும் அதுதான். எங்கள் தெருவில் அதைத் திட்டுகிறவர்களும் கும்பிடுகிறவர்களும் ஒரே ஆட்கள்.

வாசலுக்கு வந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அம்மா என் தோளைப் பிடித்து முன்னே தள்ளினார். எனக்குப் பத்து வயது. எங்கள் வீட்டில் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அங்கே சிங்களம் எனக்கு இரண்டாம் மொழி. படகின் நிறம், போன திசை எல்லாவற்றையும் பரீட்சையில் சொல்வதுபோல் கை கட்டிக்கொண்டு சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கு விளங்கவேண்டும் என்று மெதுவாகப் பதில் சொன்னார்: ஆறு மணி வரைக்கும் தேடுவோம். புயல் வருகிறது. அதற்குமேல் கப்பல் கடலில் நிற்க ஏலாது.

“என்னவாம்?” என்றார் அம்மா.

“கண்டுபிடிக்குமட்டும் தேடுவினமாம்.”

“அப்பிடியே சொன்னவர்?”

“ஓம்.”

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சித்தியிடம் திரும்பினார். “கேட்டனீதானே தங்கச்சி? பிள்ளை வடிவாய்க் கேட்டுச் சொல்லிப்போட்டான். அழாதை.”

ஆறு மணிக்குக் கப்பல் வந்தது. இறங்கியவர்களில் எங்கள் ஆட்கள் இல்லை. பொய் பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். அம்மா சித்தியின் பக்கம் திரும்பினார்.

“எண்ணெய் அடிக்க வந்திருப்பினம்,” என்றார். “விடியத் திரும்பிப் போவினம்.”

இப்படி ஏமாறுகிறாரே என்று எனக்கு அம்மாமேல் பரிதாபமாக இருந்தது.

புயல் வடக்கே விலகிப் போனது. விடிய மறுபடி புறப்பட்ட கப்பல், மதியம் இரண்டு பேரையும் கொண்டுவந்து சேர்த்தது. உதடு வெடித்து, நிற்க ஏலாமல் இருந்தார்கள். படகைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள்.

பல வருடம் கழித்து ஒருநாள் சந்தையில், வெளியூர் வியாபாரி ஒருவரோடு அம்மா கருவாட்டுக்குச் சிங்களத்தில் பேரம் பேசுவதைக் கேட்டேன். எப்போது பழகியது என்று விசாரித்தேன்.

“நீ பிறக்க முந்தியே. பெரிசாய் ஒண்டும் இல்லை மகன். விலை விளங்கும், நேரம் விளங்கும்.”

அன்று பொய் சொல்லி அம்மாவைத் தேற்றியது நான்தான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.