எங்கள் பக்கத்து ஒன்று

என் வீட்டுக் குசினியில், நாட்காட்டிக்குப் பக்கத்தில், ஒரு தகடு தொங்குகிறது. ஒரு முழ உயரம் இருக்கும். நீலப் பின்னணியில் வெள்ளை நிறத்தில் ‘1’ என்று எழுதியிருக்கிறது. மேல் விளிம்பில் இரண்டு துளைகள். பலமுறை மாட்டிக் கழற்றியதில் துளைகளைச் சுற்றிப் பெயின்ற் உரிந்து தகரம் தெரிகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் பழைய வீட்டு இலக்கமா என்று கேட்பார்கள். இல்லை என்பேன். குசினிக்குப் புதிதாகப் பெயின்ற் அடிக்க வேண்டும் என்று சென்ற மாதம் தொடங்கியதிலிருந்து என் மகள் அதைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறாள். “அம்மா, ப்ளீஸ், உதைக் கழட்டுங்கோ. இட்ஸ் ஸோ அக்லி.” அழகில்லை என்பது உண்மைதான். முன்பு அதை மாட்டிக் கழற்றியவரும் அப்படியொன்றும் அழகர் இல்லை.

ஊரைவிட்டு இந்த நாட்டுக்கு வந்த பிறகு பன்னிரண்டு வருடம் நான் ஒரு கல்லூரியின் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை செய்தேன். கல்லூரியின் பெயரை இங்கே சொல்லவில்லை. அதன் ஃபுட்போல் அணி ஏற்கெனவே பட்டது போதும். செப்டெம்பர், ஒக்ரோபர் சனிக்கிழமைகளில் என்னை மைதானத்துக்கு அனுப்புவார்கள். வாசலோரக் கூண்டுக்குள் நின்று கோப்பியும் ஹொட்டோக்கும் கொடுக்க வேண்டும். ஃபுட்போல் என்றால் நாங்கள் ஊரில் உதைத்த உருண்டைப் பந்து அல்ல. இது முட்டை வடிவப் பந்து. கையால் எறிவார்கள், காவிக்கொண்டு ஓடுவார்கள், ஓடுகிறவன் மேல் பத்துப் பேர் விழுவார்கள். இன்றுவரை அதில் பாதி எனக்கு விளங்காது. ஆனால் எங்கள் அணி தோற்கிறது என்பது மட்டும் முதல் நாளே விளங்கிவிட்டது.

எனக்கு விளங்க வைத்தது புள்ளிப் பலகை. மின்பலகை பழுதாகிப் போனதால் பழைய மரப்பலகையைத் தேடி எடுத்து நட்டிருந்தார்கள். அதில் தகடுகளை ஆணியில் கொழுவ வேண்டும். அந்த வேலை நானாவுடையது. கிழமை நாட்களில் அவர் கல்லூரிக் கட்டிடங்களில் குழாய், கதவு, மின்விளக்கு திருத்துகிறவர். சனிக்கிழமைகளில் ஏணியும் தகட்டுப் பெட்டியுமாகப் பலகையடியில் நிற்பார். யாழ்ப்பாணத்து முஸ்லிம்; அவர்கள் வழக்கில் நானா என்றால் அண்ணன். சென் ஜேம்ஸ் ரவுண் என்ற அடுக்குமாடிப் பகுதியில் பதினேழாம் மாடியில் குடியிருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது கூட இருக்கும். என் பேச்சைக் கேட்ட முதல் நாளே, “தங்கச்சி எங்கட ஊர்ப் பக்கம்தானே?” என்று கேட்டவர்.

ஒருமுறை அவருடைய தகட்டுப் பெட்டியைப் பார்த்தேன். எதிரணிக்கு வெள்ளைத் தகடு, எங்களுக்கு நீலம். வெள்ளையில் எல்லா இலக்கமும் தேய்ந்துபோய், மூன்றுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் தெரியாத நிலையில் கிடந்தது. நீலத்தில் பூச்சியம் நன்றாகவும் ஒன்று கொஞ்சமும் தேய்ந்திருந்தன. நீல நாலு, கடையில் சுற்றிக் கொடுத்த கடதாசியோடேயே இருந்தது. நான்கு வருடமாக அதைப் பிரிக்கத் தேவை வரவில்லை. இதைச் சொல்லும்போது நானா சிரிக்கவில்லை. அந்தப் பெட்டியை அவர் மழைக்குத் தன் மழைக்கோட்டால் மூடுவார், தான் நனைவார்.

தோற்கிற அணிக்கும் ஆட்கள் வருவார்கள் என்பது எனக்குப் புதினமாக இருந்தது. நாற்பது, ஐம்பது பேர். செப்டெம்பரில் எல்லோருக்கும் முகம் மலர்ந்திருக்கும். புதுப் பயிற்றுநர் வந்திருக்கிறார், பந்து எறிகிறவன் ஆறடி மூன்றங்குலம், இந்த முறை வேறு மாதிரி என்பார்கள். ஒக்ரோபரில் நன்றி நவிலல் விடுமுறை வருவதற்குள் பயிற்றுநருக்கு வேலை தெரியாது என்றாகிவிடும். பிறகு அடுத்த வருடத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். கோபம் வந்தால் அதைப் பலகையில்தான் தீர்த்தார்கள். கடைசி ஊதல் ஊதியதும் மாணவர்கள் நானாவைப் பார்த்து, “டேக் இட் டவுன்!” என்று கத்துவார்கள். அவர் கழற்றமாட்டார். கடைசி ஆள் வெளியே போகும்வரை பலகை அப்படியே நிற்க வேண்டும் என்பது அவர் தானே போட்ட சட்டம். அதுவரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஐம்பத்திரண்டுக்குப் பூச்சியம் என்ற பலகைக்குக் கீழே நிற்பார்.

ஏன் என்று ஒருநாள் கேட்டேன். தேநீர்க் கோப்பையை ஏணிப் படியில் வைத்துவிட்டு, “முடியிறதுக்கு முதல் எழும்பிப் போறது எனக்கு ஏலாது தங்கச்சி. ஒருக்கா அப்பிடிப் போனது காணும்,” என்றார். அதற்கு மேல் சொல்லத் தேவையும் இல்லை. அவருடைய ஆட்களை, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும், இயக்கப் போராளிகள் சில மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது எனக்குப் பத்து வயது. அவர்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் எங்கள் வீடு. ஆட்கள் பையும் பிள்ளைகளுமாக நடந்துபோவதை யன்னல் இடுக்கால் பார்த்தேன். அப்பா யன்னலைச் சாத்தினார். நாங்கள் வெளியே வரவில்லை. இதை நானாவிடம் சொல்ல எத்தனையோ சனிக்கிழமைகள் இருந்தன. நான் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. அவருக்கு அது தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். அவர் ஒருநாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

எங்கள் மூன்றாவது ஆள், அஜக்ஸ் என்ற பக்கத்து நகரத்திலிருந்து காரில் வருகிற அஜக்ஸ் அண்ணை. அவருடைய மகன்தான் அணிக்குப் பந்து உதைப்பவன். சின்ன வயதிலிருந்தே உருண்டைப் பந்து உதைத்த கால் என்பதால் அவனைப் பிடித்துப் போட்டிருந்தார்கள். மகன் மருந்தாளராக வரவேண்டும் என்பது அண்ணையின் விருப்பம். இந்த விளையாட்டு அவருக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. ஆனாலும் ஒரு சனி தவறமாட்டார். ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் மூன்றாம் பகுதி முடிந்ததும், “ஃபோர் ஓ வண் அடைக்கப்போகுது, நான் வெளிக்கிடுறன்,” என்று எழும்பிவிடுவார். சனிக்கிழமை மத்தியானம் அந்த நெடுஞ்சாலை எவ்வளவு அடைக்கும் என்று எனக்கும் தெரியும். மகன் உதைக்கப் போவதைப் பார்க்க அவருக்குத் துணிவில்லை. அதுதான் விஷயம்.

அந்த ஒன்று எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். இந்த நாட்டு ஃபுட்போலில் ஒரு விதி இருக்கிறது. இரண்டு கம்பங்களுக்கு நடுவால் பந்தை உதைத்தால் மூன்று புள்ளி. கம்பத்துக்கு வெளியால் போய்த் தவறினாலும், பந்து எதிரணியின் கடைசிப் பரப்பைத் தாண்டி வெளியே போனால் ஒரு புள்ளி உண்டு. ஒரு சனிக்கிழமை எதிரணி ஐம்பதைத் தாண்டியிருந்தது, நாங்கள் பூச்சியம். பையன் உதைத்தான், தவறினான், பந்து வெளியே போனது. நானா பெட்டியிலிருந்து நீல ஒன்றை எடுத்தார். அன்று மழைத்தூறலில் காரை எடுக்காமல் நின்றிருந்த அஜக்ஸ் அண்ணை ஓடிவந்து ஏணியைப் பிடித்தார்.

“நானா, அந்த ஒண்டைப் போடாதேங்கோ. பாக்கிறவன் சிரிப்பான். பூச்சியமே மரியாதை.”

“விழுந்த புள்ளியை நான் என்னெண்டு ஒளிக்கிறது தம்பி? உங்கட பிள்ளையின்ர காலால வந்தது.”

இரண்டு கையாலும் பிடித்து, கோணாமல், அதைக் கொழுவினார். பார்த்தவர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த வருடம் கல்லூரி நிர்வாகம் ஓர் அறிவித்தல் ஒட்டியது. இந்தப் பருவத்தில் ஓர் ஆட்டமாவது வெல்லாவிட்டால் அணியைக் கலைத்துவிடுவார்கள். பையன்களுக்கு விளையாட்டுப் போய்விடும். நானாவுக்குச் சனிக்கிழமை போய்விடும். அவர் அதைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை. “எங்கட பக்கம் புள்ளி கூட இருக்கிற போர்ட்டை ஒருக்கால் கழட்டிப்போட்டு வீட்டை போகோணும் தங்கச்சி. அவ்வளவுதான் என்ர ஆசை,” என்றார். ஏழு ஆட்டம் தோற்றார்கள். எட்டாவதுதான் கடைசி.

அன்று குளிர் காது மடலைக் கடித்தது. வழக்கத்தைவிடக் கூட்டம் கூட; செத்தவீட்டுக்கு வருவதுபோல் பழைய மாணவர்களும் வந்திருந்தார்கள். எப்படியோ எங்கள் பையன்கள் விழுந்தெழும்பி விளையாடினார்கள். கடைசி நிமிடத்தில் பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. அஜக்ஸ் அண்ணை அன்று மூன்றாம் பகுதி முடிந்தும் போகவில்லை. ஆனால் இன்னும் நான்கு விநாடிதான் இருக்கிறது, உதைக்க வேண்டியது அவருடைய மகன் என்றானதும், என் கூண்டைக் கடந்து வெளியே போனார். காருக்குள் ஏறிக் கதவைச் சாத்துவது தெரிந்தது. காரிலிருந்து பார்த்தால் வேலிக்கு மேலால் புள்ளிப் பலகை மட்டும்தான் தெரியும்.

பையன் உதைத்தான். பந்து உயரப் போய், காற்றில் வளைந்து, வலது கம்பத்துக்கு வெளியால் போனது. கூட்டம் முழுக்க ஒரே குரலில் “ஓ” என்றது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண் அழத் தொடங்கினாள். சிலர் எழும்பிப் படியிறங்கினார்கள். பையன் தலைக்கவசத்தைக் கழற்றாமல் புல்லில் முழங்காலில் இருந்தான். அப்போது நடுவர் ஒரு விரலை மேலே உயர்த்தியதை நான் காணவில்லை. மைதானத்தில் முக்கால்வாசிப் பேர் காணவில்லை. தோற்றுப் பழகியவர்கள், பந்து எங்கே போய் விழுந்தது என்று பார்ப்பதை விட்டுவிட்டிருந்தார்கள்.

நானா பார்த்திருந்தார். ஏணியில் ஏறி மூன்றைக் கழற்றினார். நாலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, சுற்றியிருந்த கடதாசியைப் பல்லால் கிழித்தார். கடதாசி காற்றில் பறந்து போனது. நாலு பலகையில் ஏறியது. புத்தம்புதிது, பக்கத்தில் தேய்ந்த ஒன்று.

வாசலால் அஜக்ஸ் அண்ணை ஓடிவந்தார். அந்த வயதிலும் உடம்பிலும் அப்படி ஓடுவார் என்று நான் நினைத்ததில்லை. கூட்டம் “ஓ” என்றதை அவர் காருக்குள் கேட்டிருக்கிறார். பிறகு பலகையில் எங்கள் புள்ளி கூடுவதைக் கண்டிருக்கிறார்.

“நானா! பிழை, பிழை! கழட்டுங்கோ! அவன் விட்டுட்டான் நானா, எங்களுக்கு இல்லை!”

சொந்த மகன் வென்று கொடுத்த புள்ளியைக் கழற்றச் சொல்லி ஏணியைப் பிடித்து ஆட்டினார். நானா மேலேயிருந்து குனிந்தார்.

“ஏணியை விடுங்கோ தம்பி, விழப்போறன். பிழையில்லை. பந்து வெளியால போட்டுது. நடுவர் கையும் காட்டிட்டார். திரும்பிப் பாருங்கோ.”

அண்ணை திரும்பிப் பார்த்தபோது பையன்கள் அவருடைய மகனைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் ஏணியைப் பிடித்தபடியே நின்று விம்மி அழுதார். நான் கோப்பிக் கூண்டைப் பூட்டாமல் அங்கே ஓடியிருந்தேன். எப்படி ஓடினேன் என்று தெரியாது.

எல்லோரும் போக இரண்டு மணித்தியாலமானது. பொழுதுபட்டுவிட்டது. நானா ஏணியை மடித்துக் கொட்டிலுக்குள் வைத்தார். பலகை அப்படியே இருந்தது.

“கழட்டேல்லையோ நானா? எல்லாரும் போட்டினம்.”

“கடைசி ஆள் நான்தானே தங்கச்சி. நான் இன்னும் போகேல்லையே,” என்றார்.

அன்று கழற்றாமலேயே போனார். திங்கட்கிழமை காலையிலும் பலகையில் பதினாலுக்குப் பதின்மூன்று என்றிருந்தது. மேற்பார்வையாளர் கூப்பிட்டு ஏசினார். நானா தலையாட்டிக் கேட்டுவிட்டுக் குழாய் திருத்தப் போனார்.

அணி தப்பியது. அடுத்த வருடம் ஓர் ஆட்டமும் வெல்லவில்லை. நிர்வாகத்துக்கு மறுபடி அறிவித்தல் ஒட்ட மனம் வரவில்லையோ என்னவோ. பிறகு புது மின்பலகை வந்தது. தகடுகளைக் குப்பையில் போடச் சொன்னார்கள். நானா எனக்கு நீல ஒன்றையும் அஜக்ஸ் அண்ணைக்கு நாலையும் தந்தார். தனக்குப் பூச்சியத்தை எடுத்துக்கொண்டார். “இதைத்தான் கன தடவை தூக்கினனான்,” என்றார். கொஞ்ச நாளில் ஓய்வு பெற்றார்.

இந்த வசந்தத்தில் அஜக்ஸ் அண்ணை தொலைபேசி எடுத்தார். “நானா மௌத்தாப் போட்டார் தங்கச்சி. பின்னேரமே அடக்கம். வெக்ஸ்போர்ட்டுக்கு, உங்கட வீட்டடிக்கு வந்து உங்களை ஏத்திறன்.” மையவாடியில் ஆண்கள் குழிக்கு அருகே போனார்கள். நான் பாதையோரம் காரடியில் நின்றேன். அஜக்ஸ் அண்ணை தலையில் கைலேஞ்சியைக் கட்டிக்கொண்டு, மற்றவர்களோடு மூன்று பிடி மண் போட்டார். கையேந்தி ஓதிய துஆ முடிந்தது. ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். நானாவின் மகன்மாரும் போனார்கள். அண்ணை மட்டும் வரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வேலை முடிந்து போகிற கூட்டம் நெடுஞ்சாலையில் ஏறத் தொடங்குகிற நேரம் அது. மையவாடியின் வரம்பு வரை போய்க் கூப்பிட்டேன்.

“அண்ணை, போவமா? ஃபோர் ஓ வண் அடைக்கப்போகுது.”

“கொஞ்சம் நில்லுங்கோ தங்கச்சி. எல்லாரும் போகட்டும்,” என்றார்.

நானும் நின்றேன். ஊரிலிருந்து நானா வெளியேறியபோது நான் யன்னலுக்குப் பின்னால் நின்றவள். இந்த முறை வெளியே நின்றேன். அது எந்த விதத்திலும் ஈடாகாது என்று எனக்குத் தெரியும். கடைசிக் காரும் போன பிறகுதான் நாங்கள் புறப்பட்டோம்.

நேற்றுப் பெயின்ற் அடிக்கிறவர் வந்தார். மகள் நாட்காட்டியைக் கழற்றினாள், மணிக்கூட்டைக் கழற்றினாள், பிறகு தகட்டில் கை வைத்தாள்.

“அம்மா, இப்பவாவது உதைக் கழட்டலாம்தானே?”

“கழட்டலாம் பிள்ளை. நான் இன்னும் போகேல்லையே,” என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. பெயின்ற் அடிக்கிறவரிடம் அதைச் சுற்றி அடிக்கச் சொன்னேன்.