ஊர் ஊராகப் போட்ட பணம்

காலை பத்து மணி இரண்டு நிமிடம். வங்கியின் இரும்புக் கதவு பாதிதான் ஏறியிருந்தது. அதற்கடியில் குனிந்து உள்ளே நுழைந்த ஒரு பட்டுப்புடவை முதலில் கண்ணில் பட்டது. அடர்ந்த மாம்பழ நிறம், அரக்குக் கரை. கட்டியிருந்தவள் என் சித்தப்பா மகள். வங்கிக்கு யாரும் பட்டுக் கட்டிக்கொண்டு போவதில்லை. அன்றைக்கு அவள் நிலம் வாங்கப் போகிறாள்.

ஏக்கருக்குச் சற்றுக் குறைந்த நிலம். பட்டுக்கோட்டையிலிருந்து அதிராம்பட்டினம் போகும் சாலைக்கு மேற்கே, வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற கடைமடை. பதினோரு வருடமாக அதைக் குத்தகைக்கு எடுத்து உழுதவள் அவள்தான். கணவர் குவைத்தில் இருக்கிறார். நிலத்துக்காரர் சென்னையில் மகனோடு இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். அந்த மகன் மனை போட்டு விற்கும் ஒருவரிடம் விலை பேசி வைத்திருந்தான். பெரியவர் இரவு ரயிலில் வந்து சார்பதிவாளர் அலுவலக பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மாலை ரயிலில் திரும்புகிறார். அவளிடம் அவர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்: "இன்னைக்கு முடிஞ்சா ஒனக்கும்மா. முடியலேன்னா பையன் பேச்சுதான். அப்புறம் என்னைச் சொல்லாத."

பன்னிரண்டு மணிக்குப் பதிவு டோக்கன். விலையை வங்கி வரைவோலையாகக் கொடுக்க வேண்டும். நான் சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவன். அண்ணன் என்ற முறையில் காரும் என்னுடையது.

பணம் மூன்று நாள் முன்னால் நடந்த மொய் விருந்தில் வந்தது. எங்கள் பக்கத்தில் ஆடி, ஆவணியில் பந்தல் போட்டுக் கறிச்சோறு போடுவார்கள். வருடக்கணக்கில் நாம் பிறர் வீட்டில் வைத்த மொய்யெல்லாம் அன்று திரும்பி வரும். திருப்புகிறவர் பழசோடு கொஞ்சம் புதுசும் சேர்த்து வைப்பார். அந்தப் புதுசு நம் தலையில் ஏறும், அவர் விருந்தில் நாம் இறக்க வேண்டும். அவள் விருந்துக்கு வங்கியே பணம் எண்ணும் இயந்திரத்தோடு ஆள் அனுப்பியிருந்தது. ஊருக்கு ஒரு மேசை. இருபத்தெட்டு ஊர். எண்ணி முடித்த ஒவ்வொரு ஊர்க் கட்டையும் அவள் தனித்தனிச் சீட்டில்தான் கட்டினாள். பாஸ்புக்கில் ஊருக்கு ஒரு வரி விழும், பக்கத்தில் பென்சிலால் ஊர்ப் பெயரை எழுதிக்கொள்ளலாம் என்பது அவள் ஏற்பாடு. பார்த்தவர்களெல்லாம் மெச்சினார்கள். நானும்தான்.

வரைவோலை விண்ணப்பத்தை வாங்கிய காசாளர் கணினியைப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"பணம் பத்தலைங்களே."

"எப்புடிப் பத்தாது? ஒரு ரூபா விடாம கூட்டி வச்சிருக்கேன். டிராப்டுக்குப் புடிக்கிற காசையும் சேத்துத்தான்."

"ஆயிரத்து நானூத்தி எழுபத்தஞ்சு கொறையுது."

பாஸ்புக்கை இயந்திரத்தில் விட்டார். அது கரகரவென்று அடித்துத் தள்ளியது. பக்கம் திருப்பச் சொல்லி நின்றது, மறுபடி அடித்தது. அவள் போட்ட வரிகள் இருபத்தெட்டும் இருந்தன. முதல் மூன்று வரியைத் தவிர ஒவ்வொன்றுக்கும் கீழே இன்னொரு வரி: ஐம்பத்தொன்பது ரூபாய் பற்று. மாதத்தில் மூன்று முறை ரொக்கம் கட்டுவது இலவசம். அதற்குமேல் ஒவ்வொரு முறைக்கும் ஐம்பது ரூபாய், வரி தனி.

மேலாளர் எழுந்து வந்தார். முப்பது வயதிருக்கும், தஞ்சாவூர்க்காரர்.

"அக்கா, கணக்குத் தொறக்கும்போதே கட்டண விவரம் குடுத்திருக்கோம். படிச்சுப் பாத்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"விருந்துக்கு வந்த ஒங்க ஆளு வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?"

"எல்லாத்தையும் ஒண்ணா கட்டலாமேன்னு ரெண்டு தடவ கேட்டாராம். நீங்கதான் தனித்தனியா போடுன்னீங்களாம்."

அவள் ஒரு நொடி யோசித்தாள். "கேட்டாரு. ஆனா ஏன்னு சொல்லல."

"நீங்களும் ஏன்னு கேக்கலயே அக்கா."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். "விருந்து வச்சவ ஊருக்கெல்லாம் சோறு போட்டா, பேங்குக்குந்தான் எல போட்டிருக்கா" என்றது ஒரு கிழக் குரல். அவளும் சிரித்துவிட்டாள். "தாத்தா, அவங்க மட்டுந்தான் மொய் வைக்காம சாப்புட்டாங்க." காசாளர்கூடச் சிரித்தார். மணி பத்து நாற்பது.

நான் பணப்பையை எடுத்தேன். மூன்று ஐந்நூறு ரூபாய்த் தாள்கள். கவுன்ட்டரில் நீட்டியபோது காசாளர் சங்கடப்பட்டார். "சார், இதுவும் ரொக்கம். இதுக்கும் ஐம்பத்தொம்பது விழும். அப்ப மறுபடி கொறையும்."

பணம் குறைகிறது என்று பணம் கட்டினால், கட்டியதற்காகப் பணம் பிடிப்பார்கள். நான் சட்டைப்பையைத் தடவிச் சில்லறை தேடினேன்.

அவள் தேடவில்லை. "அந்தத் தாளக் குடுங்க" என்று மேலாளரிடம் கேட்டாள். சுவரில் மாட்டியிருந்த கட்டணப் பட்டியலை அவர் கழற்றியே கொடுத்தார். கவுன்ட்டர்மேல் வைத்து விரலை ஓட்டிப் படித்தாள், முதல் வரியிலிருந்து, வாய்விட்டு. காசோலைப் புத்தகம், குறுஞ்செய்தி, குறைந்தபட்ச இருப்பு. வரிசையில் நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். "மெல்லப் படிம்மா, எனக்கும் புடிச்சிருக்கான்" என்றார் அந்தத் தாத்தா. விரல் ஓரிடத்தில் நின்றது.

"இதுல ரொக்கம்னுதான் போட்டிருக்கு. போன்ல அனுப்புனா?"

"அதுக்குக் கட்டணம் இல்லக்கா."

நான் தாள்களை மடித்து வைத்துவிட்டு செல்பேசியை எடுத்தேன். அவள் கையால் தடுத்தாள். "ஒங்க மொய் எழுதியாச்சுண்ணே. ரெண்டாவது தடவ வாங்குனா அது மொய் இல்ல, கடன். எடம் வாங்குற அன்னைக்கு அது வேணாம்."

"மணியப் பாரு!"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அப்போது வரிசையின் நடுவிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தார். முழங்கை வரை சேறு காய்ந்திருந்தது, நாற்றங்காலிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். "ஏ, நீ கீழத்தெருவுல விருந்து வச்சவதானே? ஒன் பத்திரிக வந்துச்சு. அன்னைக்கு வயல்ல ஆளு விட்டிருந்தேன், வர முடியல. ஒன் ஆயிரம் ரூபா எங்க வீட்டுல நாலு வருசமா நிக்குது."

"ஆமாக்கா, ஒங்க மக காதுகுத்துக்கு வச்சது."

"நம்பரச் சொல்லு. பழசு ஆயிரம், புதுசு ஐந்நூறு."

அவள் எண்ணைச் சொன்னாள். அந்தப் பெண் சேற்று விரலைப் புடவையில் துடைத்துவிட்டு அழுத்தினார். வட்டம் சுற்றியது. வங்கி முழுவதும் ஒரு செல்பேசித் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். சுற்றிக்கொண்டே இருந்தது. "வாசலுக்குப் போங்க, டவர் அங்கதான் கெடைக்கும்" என்றார் மேலாளர். அந்தப் பெண் வாசலுக்கு ஓடினார், பின்னால் பட்டுப்புடவை ஓடியது, தாத்தாவும் போனார். நான் உள்ளே கணினியருகே நின்றேன். காசாளர் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"விழுந்துருச்சு!" என்று கத்தினார்.

வாசலில் கைதட்டல் கேட்டது.

வரைவோலையை அச்சடித்து, மேலாளர் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தியபோது பதினொன்று இருபத்தைந்து. வழியில் நெல் ஏற்றிய லாரி ஒன்று பாலத்தை அடைத்துக்கொண்டு நின்றது. அவள் இறங்கிப்போய் ஓட்டுநரிடம் ஏதோ சொன்னாள். லாரி பின்வாங்கியது. என்ன சொன்னாய் என்று கேட்டேன். "எடம் வாங்கப் போறேன், தள்ளுங்கன்னேன்" என்றாள். காரில் மீதி வழியெல்லாம் கட்டணப் பட்டியலை எனக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள், எதற்கு எவ்வளவு, எப்போது பிடிப்பார்கள் என்று. ஒன்றிரண்டு எனக்கே தெரியாதவை.

பெரியவர் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றிருந்தார். பன்னிரண்டே காலுக்குக் கூப்பிட்டார்கள். வரைவோலையை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அவர் கையெழுத்துப் போட்டுக் கைரேகையும் வைத்தார். அடுத்து அவள், அடுத்து நான்.

பத்திரத்தில் வாங்குபவர் பெயருக்குக் கீழே, தொழில் என்ற இடத்தில், விவசாயம் என்று இருந்தது.